தொழிற்பள்ளியிலிருந்து நம் பிள்ளைகளை இழுப்பது யார்?

(உத்திரமேரூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பையனை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, விடியற்காலை வந்து நிற்கிற காண்ட்ராக்டர் வேனில் ஏற்றிவிடுவதா? இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியிலேயே மூன்று பேர் நம்மிடம் இதைக் கேட்டார்கள். கூலி உயர்வைப் பற்றிப் பேச வந்த நாம், அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கூலியைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

பிள்ளையைச் சேர்ப்பது ஒரு பிரச்னை. சேர்ந்த பிள்ளை கடைசிப் பரீட்சை வரை நிற்பது வேறு பிரச்னை. இன்று நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருஷம். வெல்டர் 1 வருஷம். நம் காலனிகளில் போய்க் கேளுங்கள். "என் பையன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான்" என்று சொல்லும் வீடுகள் பல உண்டு. "என் பையன் ஐ.டி.ஐ. முடித்தான்" என்று சொல்லும் வீட்டைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இலக்கும் கணக்கும்

மத்திய சர்க்கார் 1950ல் கைத்தொழில் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1961ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. இன்று நாடு முழுவதும் 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் கையில். நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொள்கிறது: சுமார் 25 லட்சம் இடங்களில் பாதிக்கு மேல் காலி. வேலை இல்லை என்று இளைஞர்கள் ஒரு பக்கம் அலைகிறார்கள். தொழில் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. இது எப்படி?

மேலே உள்ளவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதிலுக்குப் பதிலாக இலக்கு வைத்தார்கள். 2017ல் உலக வங்கிக் கடனோடு 'ஸ்டிரைவ்' என்று ஒரு திட்டம் வந்தது. மொத்தம் 2,200 கோடி ரூபாய்; பாதி உலக வங்கிப் பணம். முடிவைக் காட்டு, பிறகு பணம் என்பது அதன் நிபந்தனை. 2025 மே மாதம் மத்திய மந்திரி சபை 1,000 சர்க்கார் ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்க 60 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு சேர்ந்து 71 சர்க்கார் ஐ.டி.ஐ.களில் 2,877 கோடி ரூபாய் செலவில் புதிய இயந்திரங்கள் வைக்கும் திட்டம் நடந்தது. இயந்திரம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. வரட்டும். கூலிக்காரன் பிள்ளை ரோபோவைத் தொட்டுக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டிய பிள்ளை செங்கல் சூளையில் நின்றால் இயந்திரத்தின் மேல் தூசிதான் படியும்.

இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், இத்தனை பேரை நிறுத்திவைக்க வேண்டும் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். பிள்ளை கிடைக்க மாட்டான். ரிஜிஸ்டரில் பெயர் இருக்கும். பட்டறையில் ஆள் இருக்க மாட்டான். பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. பிள்ளை வேலைக்குப் போன நாளுக்கும் "வந்தான்" என்று குறி போட்டுவிட்டால் இலக்கு நிறைவேறிவிடும். கைத்தொழில் மட்டும் கைக்கு வராது.

இதை நாம் கற்பனை செய்து சொல்லவில்லை. முதலாளித்துவத்தின் தலைவாசலான அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கொரிந்தியன் காலேஜஸ் என்று ஒரு கம்பெனி ஊர் ஊராகத் தொழிற்பள்ளி நடத்தியது. மாணவன் சர்க்காரிடம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவான். அவன் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும்வரை கம்பெனிக்குப் பணம் வரும். ஆகவே பிள்ளையைப் பிடித்து வைப்பதே வியாபாரமாயிற்று. அவனுக்கு வேலை கிடைத்ததா என்பது கம்பெனிக்கு அக்கறை இல்லாத விஷயம். கிடைத்தது என்று பொய்க் கணக்கும் காட்டினார்கள். 2015 ஏப்ரலில் கம்பெனி கதவைச் சாத்தியது. மறு வருஷம் ஐ.டி.டி. டெக் என்ற இன்னொரு பெரிய கம்பெனியும் மூடியது. 2022 ஜூனில் அமெரிக்க சர்க்கார், கொரிந்தியனில் படித்து ஏமாந்த 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. கடன் போயிற்று, பிள்ளைகளின் வயசு திரும்பி வருமா?

ஒரு நாளைக்கு 25 ரூபாய்

அமெரிக்கா கிடக்கட்டும். நம் தாலுகாவுக்கு வருவோம்.

ஒரு தோழரின் வீட்டைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கணவனும் மனைவியும் விவசாயக் கூலிகள். பையன் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். விடியற்காலை கிளம்பி, வாலாஜாபாத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஒரகடம் போவான். முதல் மாதங்களில் என்ன வேலை? இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவுவது. மறுபடி மறுபடி ராவுவது. கை கொப்புளித்துவிடும். "இதைக் கத்துக்கவா இவ்வளவு தூரம் போறே?" என்று அக்கம் பக்கத்தில் சிரித்தார்கள். நம் ஆலைத் தோழர்களில் பழைய ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். அந்த ராவுதலில்தான் கை பழகுகிறது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரல் நுனி சொல்லத் தொடங்குவது அங்கேதான். பையனுக்கும் அது பிடித்துவிட்டது. தான் ராவிய துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினான்.

பஸ் பாஸ் இலவசம். சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம் எல்லாம் சர்க்கார் கொடுக்கிறது. கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் 750ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 25 ரூபாய்! சர்க்கார் பள்ளியில் படித்து வந்த பெண்பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் 'புதுமைப்பெண்' திட்டமும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய். நல்ல காரியம், வரவேற்றோம். இரண்டும் சேர்ந்தால் 1,750. நாளுக்கு 58 ரூபாய் சொச்சம். அதே பையன் ஒரு நாள் மூட்டை தூக்கப் போனால் இதைப்போல் பத்து மடங்கு கொண்டுவருவான்.

எட்டாவது மாதம் என்ன நடந்தது? அப்பா முதுகு பிடித்துப் படுத்தார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார்; கூலி வரவில்லை. 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழ்நாட்டுக்கு மத்திய சர்க்கார் அந்தக் கூலியை அனுப்பாமல் வைத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செய்த வேலைக்குக் கூலி இல்லை. கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். பையன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் வேனில் ஏறிவிட்டான்.

நாங்கள் வீட்டுக்குப் போய், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே, அம்மா. படிப்பை முடித்தால் நல்ல சம்பளம் வருமே" என்று சொன்னோம். அந்தத் தாய் கோபப்படவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற சம்பளத்தைக் காட்டினா, இன்னைக்கு அரிசி குடுப்பாங்களாண்ணே?" என்று கேட்டார்.

நாங்கள் பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தோம். பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை, பெற்றோருக்கு விழிப்பு இல்லை என்று மேடையில் பேசுகிற கனவான்கள் ஒரு முறை அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

காண்ட்ராக்டரின் வேன்

பின்னாலிருந்து பசி தள்ளுகிறது. முன்னாலிருந்து இழுப்பது யார்? நம் ஜில்லாவில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. உலகத்துக் கார், உலகத்து போன் இங்கே தயாராகிறது. இந்தத் தொழிற்சாலைகளுக்குத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்தானே? பின் ஏன் படிப்பு முடிக்காத பிள்ளையைத் தேடி வேன் வருகிறது?

கணக்கு சுலபம். 1981ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். முதலாளிகளுக்கு அந்த 480 என்ற எண் தூக்கம் கெடுக்கும் எண். அதைத் தொடுவதற்குள் ஆளை மாற்றிவிட்டால் நிரந்தரம் இல்லை, உரிமை இல்லை, சங்கம் இல்லை. ஆகவே மாற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். சான்றிதழ் உள்ளவன் பேரம் பேசுவான். சான்றிதழ் இல்லாத 18 வயசுப் பையன் பேசமாட்டான். ஐ.டி.ஐ. முதல் வருஷத்துப் பையனாக இருந்தால் காண்ட்ராக்டருக்கு இன்னும் சௌகரியம்: கொஞ்சம் தொழிலும் தெரியும், கையில் காகிதமும் இருக்காது!

அப்ரண்டிஸ் என்ற பெயரிலும் இதே கதை நடக்கிறது. படிப்பை முடித்தவன் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்து கைத்திறனை முழுமையாக்கிக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் 1961ம் வருஷச் சட்டத்தின் 18ம் பிரிவு, அப்ரண்டிஸ் பயிற்சியாளனே தவிரத் தொழிலாளி அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. 2019ல் விதிகளைத் திருத்தி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை வைக்க வேண்டும் என்றார்கள். படிப்புக்கு ஏற்றபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகை நிர்ணயித்தார்கள். கற்றுக்கொடுத்தால் சரி. கற்றுக்கொடுக்காமல் லைனில் நிறுத்தி உற்பத்தி எடுத்தால், அது பயிற்சி என்ற பெயரில் மலிவுக் கூலி அல்லாமல் வேறென்ன?

நோக்கியாவை மறந்துவிட்டோமா? 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். 2014 நவம்பர் 1ந் தேதி கதவு மூடியது. பல வருஷம் வேலை செய்த பெண் வெளியே வந்தபோது அவளிடம் என்ன இருந்தது? ஒரு லைனில், ஒரு இடத்தில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த பழக்கம். அதை எந்தக் கம்பெனியில் காட்டுவது? 2021 டிசம்பரில் பாக்ஸ்கானுக்கு வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கணக்கில் நோயில் விழுந்து, கடைசியில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் இதே ஜில்லாவில்தான். இன்னொரு பக்கம் பாருங்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அது நிரந்தரத் தொழிலாளர் கூடி நின்று நடத்திய போராட்டம். நாளை காலை வேன் வருமா வராதா என்று தெரியாதவன் 37 நாள் நிற்க முடியுமா?

ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்ட நம் பிள்ளைக்கு 20, 21 வயசில் இரண்டும் இல்லை. சான்றிதழும் இல்லை, நிரந்தரமும் இல்லை. திரும்ப வந்து அப்பாவின் மண்வெட்டியை எடுக்கிறான்.

அரைநாள் பள்ளிக்கூடம்

அப்பாவின் மண்வெட்டி என்றதும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. 1953ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளை பாதி நாள் பள்ளிக்கூடம். மீதி நாள் தகப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் வைத்தது. பெரியாரின் இயக்கமும் எதிர்த்தது, கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் வந்தார்; மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அது செத்துப்போன திட்டம் என்று நினைத்தோம். 2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பட்டப்படிப்பில் ஒரு வருஷத்தில் வெளியேறினால் ஒரு சான்றிதழ், இரண்டு வருஷத்தில் வெளியேறினால் ஒரு டிப்ளமோ என்று வகுத்தது. படிப்பைப் பாதியில் விடுவதற்கு மரியாதையான பெயர் கொடுத்தாயிற்று! பணக்காரன் பிள்ளை ஏன் ஒரு வருஷத்தில் வெளியேறப் போகிறான்? அந்தக் கதவு யாருக்காகத் திறந்து வைத்த கதவு என்று நமக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் பிரதமரின் 'விஸ்வகர்மா' திட்டம் வந்தது. குடும்ப வழியாகச் செய்துவரும் தொழிலுக்குத்தான் கடனும் பயிற்சியும். அதை அந்த வடிவத்தில் ஏற்கமாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் சொன்னது. சரியாகவே சொன்னது.

நம் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919லும் 921லும் வெட்டியவை. 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர்கூட உத்திரமேரூர் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்பதைக் கேளுங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும். நன்றாகக் கற்றவனுக்கு நிலத்தில் பாதி சலுகை. நிலமும் படிப்பும் இல்லாதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. இந்த ஊர் ஏரியில் மண் சுமந்தவர்கள் யார் என்று கல்வெட்டு சொல்லாது, நாம் சொல்லுவோம். 1,100 வருஷம் கழித்தும் அவர்களின் பிள்ளைகள் அதே இரண்டுக்காகத்தான் நிற்கிறார்கள்.

சோறு போட்டபோது பிள்ளை நின்றான்

பிள்ளையை நிறுத்திவைக்க வழியே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு செய்து காட்டியிருக்கிறது. 1920ல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1956ல் காமராஜர் சர்க்கார் மதிய உணவைப் பரப்பியது. 1982ல் சத்துணவு; 2022ல் காலை உணவு. யாரும் அந்தத் தாய்மார்களுக்குக் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டில் சோறு விழுந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் நின்றான்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஏன்? 15 வயசு வரை பசித்த வயிறு 16 வயசில் பசிக்காதா? அதுவும் காலையிலிருந்து நின்றபடி இரும்பு ராவுகிற பிள்ளைக்கு! ஆகவே நம் முதல் கோரிக்கை சர்க்கார் ஐ.டி.ஐ.களில் மத்தியானச் சாப்பாடு. 750 ரூபாயை விவசாயக் கூலியோடு சேர்த்து வருஷா வருஷம் உயர்த்த வேண்டும். அது மாதம் பிறந்தவுடன் கைக்கு வர வேண்டும். வகுப்பு முடிகிற நேரத்துக்குக் கிராமம் வரை பஸ் வேண்டும். பெண்பிள்ளைகள் விட்டுப் போவதற்கு முக்கியக் காரணம் சாயங்காலம் இருட்டியபின் மெயின் ரோட்டிலிருந்து நடந்து வருகிற அந்தத் தூரம்தான். இதைச் சொன்னால் சில அதிகாரிகள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண் நடந்து வரவில்லை. பயிற்சியாளர் காலியிடங்களை நிரப்ப வேண்டும். படிப்பு நடுவில் இருக்கும் பிள்ளையை வேலைக்கு எடுக்கும் காண்ட்ராக்டர் மேல் நடவடிக்கை வேண்டும். இந்த ஐந்தையும் எழுதி மனுவாகக் கொண்டுபோகிறோம். தூதுக்குழுவில் ஆண்கள் மட்டும் போகக்கூடாது. பிள்ளைகளின் தாய்மார்கள் முன்னால் நிற்க வேண்டும்.

நாம் செய்த தவறு

கடைசியாக நம்மைப் பற்றி. அந்தத் தோழரின் பையன் விட்டுப் போனது நமக்கு எப்போது தெரிந்தது? நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாதத்தில் கிளையின் கூட்டம் பல தடவை நடந்தது. அந்தத் தோழரும் வந்தார். சந்தா கொடுத்தார். நாம் அவரைக் கூலித் தகராறு பற்றிக் கேட்டோம், பத்திரிகை விற்றதா என்று கேட்டோம். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அது குடும்ப விஷயம் என்று நினைத்தோம். அது தவறு. உடனே தெரிந்திருந்தால் அந்தக் கடைக்காரரிடம் சங்கத்தின் பெயரால் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கலாம். நிலையத்தின் முதல்வரைப் பார்த்துப் பெயரை அடிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கலாம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு பையன் ஃபிட்டர் ஆகியிருப்பான்.

இனி இப்படிச் செய்வோம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு. இந்த வருஷம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேருகிற பிள்ளைகளின் பெயர், பிரிவு, எந்த பஸ். பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை என்றால் நாலாம் நாள் ஒரு தோழர் வீட்டுக்குப் போக வேண்டும். போதனை செய்ய அல்ல; என்ன நடந்தது என்று கேட்க. ஆலைத் தோழர்களுக்கு ஒரு வேலை: உங்களில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் யார் யாரோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள். காலிப்பரைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை என்றால் வெட்கத்தில் கேட்கமாட்டான், நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பையனைப் போன வாரம் பார்த்தோம். மறுபடி சேர முடியுமா என்று கேட்டான். புதிதாக விண்ணப்பம் போட்டு முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று சொன்னோம். "பரவால்ல தோழர், ராவறது மறக்கலை" என்றான். நாளைக் காலை அவனோடு விண்ணப்பம் போடப் போகிறோம். மாற்றுச் சான்றிதழ், மார்க் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு 9 மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறோம். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே சொல்லுங்கள். தாலுகா ஆபீசுக்கு ஒரு தோழர் தனியாக வருவார். நோட்டு மேடைக்குக் கீழே இருக்கிறது. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் கலையாமல் இருங்கள்.